சரணடைந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்

பியற்றிஸ் அதிகம் கதைக்கிற ஆள் அல்ல. ஹவுன்ஸ்லோவில் அவளைத் தெரிந்த எவரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் பெண்கள் கூடிநின்று கதைக்கும்போது அவள் ஒரு கரையில் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு நிற்பாள். அப்படிப்பட்டவள் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் எழும்பிநின்று கதைத்தாள் என்று கேள்விப்பட்டபோது முதலில் ஒருவரும் நம்பவில்லை.

மன்னாரில் பிறந்தவள். எண்பத்து நாலாம் ஆண்டு, இருபத்தெட்டு வயதில், கிறிஸ்துராஜாவைக் கலியாணம் முடித்து லண்டனுக்கு வந்தாள். கிறிஸ்துராஜா எழுபதுகளின் கடைசியில் படிக்கவென்று வந்து, படிப்பை இடையில் விட்டு, தபால் கந்தோரில் கடிதம் பிரிக்கிற வேலையில் சேர்ந்தவர். நல்ல மனிசன். புதிதாக வந்து இறங்குகிற பொடியங்களை லோயரிடம் கூட்டிக்கொண்டு போவார், அவர்களுக்காகப் படிவம் நிரப்புவார், தன்னுடைய வீட்டு விறாந்தையில் படுக்கவைப்பார். பியற்றிஸ் ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற பெரிய குசினி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு தரம் கரு தங்காமல் போனது. அதைப்பற்றியும் அவள் ஒருவரிடமும் கதைத்ததில்லை.

அவளுக்கு ஒரே ஒரு தம்பி, றெஜினோல்ட். வீட்டில் றெஜி. கலியாணத்துக்கு வந்த அத்தானைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மன்னார்ப் பாலம் முழுக்க ஓடிக் காட்டியவன். கிறிஸ்துராஜா லண்டனுக்குத் திரும்பும்போது தன்னுடைய தோல் ஜாக்கெட்டைக் கழற்றி அவனுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த வெயிலுக்குள் அவன் அதைப் போட்டுக்கொண்டு திரிந்தானாம். அடுத்த வருடம் அவன் ஒரு ஆயுத இயக்கத்தில் சேர்ந்தான். அந்த நேரம் இயக்கங்கள் பல. எந்தப் பொடியன் எந்த இயக்கத்துக்குப் போனான் என்பது அவனுடைய நண்பன் எதற்குப் போனான் என்பதைப் பொறுத்திருந்தது. றெஜியின் நண்பன் போன இயக்கத்தை எண்பத்தாறாம் ஆண்டு இன்னொரு இயக்கம் அடித்து அழித்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு ஒழுங்கைக்குள் றெஜியும் வேறு சிலரும் துவக்குகளைக் கீழே போட்டுவிட்டு, கையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வந்த இடத்திலேயே சுட்டு, ரயர் போட்டு எரித்தார்கள். மெட்ராஸில் இருந்த மச்சான் ஒருவன் போன் எடுத்துச் சொன்னான்.

அன்று கிறிஸ்துராஜா சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுததை பியற்றிஸ் மறக்கவில்லை. ஒரு கிழமை லீவு போட்டுவிட்டு அவளோடு இருந்தார். சமைத்தார். அவள் சாப்பிட மாட்டேன் என்றபோது குழைத்துத் தீத்தினார்.

அதே மனிசன்தான் எண்பத்தேழின் கடைசியில், றெஜியைச் சுட்ட அந்த இயக்கத்துக்கு வேலை செய்யத் தொடங்கினார். இந்தியப் படை யாழ்ப்பாணத்துக்குள் போன நேரம் அது. அந்தப் படை அவருடைய சித்தப்பாவை வீட்டு முற்றத்தில் வைத்துச் சுட்டிருந்தது.

"இப்ப நிண்டு அடிபடுறது அவையள் மட்டும்தான்," என்றார் அவர். "பழசை நினைச்சுக்கொண்டு நாங்கள் சும்மா இருக்கேலுமோ? நீர் என்ன சொல்லுறீர்?"

அவள் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். அவள் சம்மதிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. கூட்டம் வைக்க வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். அவர்களில் எவருடைய கையையும் உற்றுப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

எண்பத்தொன்பது இலையுதிர் காலத்தில் அவள் பின்னேரக் கல்லூரியில் சேர்ந்தாள். குசினியின் குளிரறைக்குள் நின்று நின்று விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கியிருந்தன. கவுன்சில் பள்ளிக்கூடம் ஒன்றில் உதவியாளராகப் போகலாம், அதற்கு ஒரு ஏ லெவலாவது இருந்தால் நல்லது என்று கூட வேலைசெய்த தவமலர் சொன்னாள். அவளுடைய ஷிப்டுக்குப் பொருந்தின நாட்களில் இரண்டு பாடங்கள்தான் நடந்தன. கணக்கியலில் இடம் முடிந்துவிட்டது. ஆகவே வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பா.

வகுப்பில் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் ஹில்ட என்றொரு ஜேர்மன்காரி இருந்தாள். போருக்குப் பிறகு ஆங்கிலச் சிப்பாய் ஒருவனைக் கட்டி வந்தவள். புருஷன் இறந்த பிறகு வீட்டில் தனியே இருக்க முடியாமல் வகுப்புக்கு வந்தாள். அந்தக் கார்த்திகை மாதம் பேர்லின் மதில் விழுந்தது. அடுத்த வகுப்புக்கு ஹில்ட கண் வீங்கிப்போய் வந்து சேர்ந்தாள். ஆசிரியர் பிறிச்சர்ட் பாடத்தை விட்டுவிட்டு அதைப்பற்றியே கதைத்தார். ஒரு துவக்கு வெடிக்காமல் ஒரு நாடு ஒன்றாகப் போகிறது, ஆனால் முதல்தரம் அது ஒன்றானபோது அப்படி நடக்கவில்லை என்றார்.

முதல்தரம் நடந்த கதையை அந்தக் குளிர்காலம் முழுக்கப் படித்தார்கள். முப்பத்தொன்பது துண்டாகக் கிடந்த நாடு. பேசிப் பார்த்தார்கள், பாராளுமன்றம் கூட்டிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. பிறகு பிரஷ்யா மூன்று யுத்தங்கள் செய்தது. முதலாவது டென்மார்க்கோடு, அதில் ஒஸ்திரியாவும் பிரஷ்யாவும் ஒரு பக்கம் நின்றன. இரண்டாவது அதே ஒஸ்திரியாவோடு. மூன்றாவது பிரான்சோடு, அதில் வென்று, பிரெஞ்சு அரசனின் மாளிகைக்குள்ளேயே வைத்து ஜேர்மன் பேரரசைப் பிரகடனம் செய்தார்கள்.

பியற்றிஸைப் பிடித்துக்கொண்டது இரண்டாவது யுத்தம். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தாறு. ஜேர்மன்காரரும் ஜேர்மன்காரரும் அடிபட்டது. சகோதர யுத்தம் என்றே அதற்குப் பெயர் இருந்தது. பவேரியா, சக்சனி, ஹனோவர் எல்லாம் ஒஸ்திரியாவின் பக்கம் நின்றன. ஹனோவர் ராசாவுக்குக் கண் தெரியாது. அவருடைய படை ஒரு சண்டையில் பிரஷ்யரை அடித்தே வென்றது. ஆனால் சுற்றிவர மேலும் மேலும் பிரஷ்யப் படை வந்துவிட, இரண்டு நாளில் சரணடைந்தது.

"சரணடைந்த சிப்பாய்களை என்ன செய்தார்கள்?" என்று பியற்றிஸ் கேட்டாள். அந்த வகுப்பில் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

பிறிச்சர்ட் சற்று யோசித்தார். "ஆயுதங்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்."

"வீட்டுக்கா?"

"ஆம். அவரவர் ஊருக்கு."

அன்று பஸ்ஸில் அவள் தன்னுடைய தரிப்பைத் தவறவிட்டாள். இரண்டு தரிப்புத் தூரம் நடந்து திரும்பி வந்தாள். தலைக்கு மேலால் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் ஊரில் யுத்தம் திரும்பவும் தொடங்கியது. புரட்டாதியில் ஜேர்மனி ஒன்றாகிற செய்தி தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டே இருந்தது. அப்படி ஒரு பின்னேரம் கிறிஸ்துராஜா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"நீர் இதைத்தானே படிக்கிறீர்? இவையள் முதல் எப்பிடி ஒண்டானவை?"

பியற்றிஸ் ஒரு வருடமாகப் படிக்கிறாள். என்ன படிக்கிறீர் என்று அவர் அதுவரை ஒருநாளும் கேட்டதில்லை. அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த பலகையைத் தள்ளிவைத்துவிட்டு வந்து இருந்தாள். டென்மார்க்கில் தொடங்கினாள். அவர் குறுக்கே கேள்வி கேட்டார். அவள் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து வரைபடத்தைக் காட்டினாள். அடுத்தடுத்த நாட்களிலும் இது நடந்தது. அவர் வேலையால் வந்ததும் வராததுமாக "சரி, மிச்சத்தைச் சொல்லும்" என்பார். கலியாணம் முடித்த தொடக்கத்தில் இருவரும் இரண்டாம் மாடி அறையில் இருந்து ஊர்க்கதை கதைத்த நாட்களுக்குப் பிறகு அவர்கள் இப்படி நெருங்கி இருந்ததில்லை. அந்தக் கிழமைகளில் பியற்றிஸ் குசினியில் தட்டுகளுக்கு மூடி போடும்போது தனக்குள் பாடினாள் என்று தவமலர் பிறகு சொன்னாள்.

ஹனோவரைப்பற்றியும் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு.

"சரணடைஞ்சவையை வீட்டுக்கு அனுப்பினவையாம்."

"ம்," என்றார் அவர். கொஞ்ச நேரம் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பிரான்சோடை எப்பிடித் தொடங்கினது?" என்றார்.

அவள் பிரான்சுக்குப் போனாள்.

தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இயக்கக் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். கிறிஸ்துராஜா பேசப்போகிறார் என்று நோட்டீஸில் இருந்தது. பியற்றிஸ் வழக்கமாக இந்தக் கூட்டங்களுக்குப் போவதில்லை. அன்று அவர் கேட்டார்.

"நீர் சொல்லித் தந்ததைத்தான் பேசப்போறன். வந்து கேக்கமாட்டீரே?"

அவள் கலியாணத்துக்கு உடுத்துகிற மாதிரி நல்ல சேலை உடுத்துப் போனாள். தவமலரும் கூடப் போனாள். மண்டபம் நிறையச் சனம். பின்னுக்குப் பொடியங்கள் கதிரை இல்லாமல் சுவரோடு நின்றார்கள். கிறிஸ்துராஜாவுக்குப் பேச்சு வரும், குரலும் உண்டு. முப்பத்தொன்பது துண்டு என்று தொடங்கினார். பாராளுமன்றம் கூட்டிய கதையைச் சொன்னபோது சனம் சிரித்தது. அவள் சொன்ன வசனங்களே அவருடைய வாயில் இன்னும் வடிவாக வந்தன. அவளுக்குப் பெருமையாக இருந்தது.

"ரெண்டாவது யுத்தம் சொந்தச் சனத்தோடை," என்றார் கிறிஸ்துராஜா. குரலைத் தாழ்த்தினார். "அது கசப்பான யுத்தம். ஆனா அந்த யுத்தம் நடக்காட்டி ஜேர்மனி எண்டொரு நாடு வந்திராது. குறுக்கை நிண்டவையை விலத்தாமல் ஒரு இனம் எழும்பேலாது. ஒரு தலைமை வேணும். எங்கடை மண்ணிலையும் அப்பிடி ஒரு காலம் வந்தது. அதைச் செய்தவைக்கு அது சந்தோசமான வேலை இல்லை. ஆனா செய்யத்தான் வேண்டியிருந்தது. சரித்திரம் அதைத்தான் சொல்லுது."

கைதட்டல் எழுந்தது. பியற்றிஸும் கையை எடுத்திருந்தாள், மற்றவர்களோடு சேர்ந்து தட்டுவதற்கு. இரண்டு கையும் மடிக்கு மேலே அப்படியே நின்றன. எங்களுடைய மண் என்று அவர் சொன்னது எது, விலத்தியது யாரை என்று அந்த மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். பிரான்ஸ், பிரகடனம், மாளிகை என்று அவர் பேசிக்கொண்டே போனார். அவள் ஒன்றையும் கேட்கவில்லை.

பேச்சு முடிந்து, கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். அவள் எழும்பினாள். தவமலர் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"சொல்லுங்கோ அக்கா," என்றான் தலைமை தாங்கியவன்.

"அந்த ரெண்டாவது யுத்தத்திலை ஹனோவர்ப் படை சரணடைஞ்சது," என்றாள் பியற்றிஸ். "சரணடைஞ்ச பொடியளை என்ன செய்தவை எண்டு பேச்சாளர் சொல்லேல்லை."

கிறிஸ்துராஜா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அது இப்ப தேவையில்லாத விசயம்."

"வீட்டுக்கு அனுப்பினவை. துவக்கை வாங்கிப்போட்டு வீட்டுக்கு அனுப்பினவை. நான் உங்களுக்குச் சொன்னனான்தானே. என்ரை தம்பியும் கையைத் தூக்கிக்கொண்டுதான் வந்தவன். அவனை ஏன் வீட்டுக்கு அனுப்பேல்லை?"

சுவரோடு நின்ற பொடியங்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தலைமை தாங்கியவன் கிறிஸ்துராஜாவைப் பார்த்தான். கிறிஸ்துராஜா ஒலிவாங்கிக்குக் கிட்ட வந்தார்.

"இது என்ரை மனிசி," என்றார். "தம்பியை இழந்தவ. அந்த நாளிலை இருந்து அவவுக்கு மனம் சரியில்லை. எல்லாரும் மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

சனம் ஆறுதலடைந்தது. யாரோ இரண்டு பெண்கள் வந்து, மிகவும் அன்பாக, பியற்றிஸின் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். "பாவம்" என்று மற்றவள் சொன்னது அவளுக்குக் கேட்டது.

வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினி மேசையில் எதிரெதிரே இருந்தார்கள்.

"நான் அப்பிடிச் சொல்லாட்டி அவங்கள் உம்மைச் சும்மா விட்டிருக்கமாட்டாங்கள்," என்றார் கிறிஸ்துராஜா. "உமக்காகத்தான் சொன்னனான்."

அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம் என்று அவளுக்குத் தெரியும்.

"றெஜியைச் சுட்டது சரியெண்டு நினைக்கிறியளோ?"

அவர் மேசைத் துணியைத் தடவிக்கொண்டே இருந்தார். "அவன் எனக்கும் தம்பிதான்."

"அதை நான் கேக்கேல்லை."

அவள் காத்திருந்தாள். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், மண்டபத்தில் சொன்னதைக்கூட மறந்துவிடலாம் என்று அவள் அந்த நேரம் நினைத்தாள்.

"அண்டைக்கு வேறை வழி இருக்கேல்லை எண்டு நினைக்கிறன்," என்றார்.

பியற்றிஸ் எழும்பிப்போய், விறாந்தையில் பொடியங்கள் படுக்கிற மெத்தையைச் சின்ன அறைக்குள் இழுத்துப் போட்டாள்.

அதன் பிறகு ஹவுன்ஸ்லோவில் அவளோடு கதைக்கிற ஆட்கள் குறைந்தார்கள். போன் அடிக்கும்; எடுத்தால் மறுபக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். கோயில் வாசலில் அவள் கிட்டப் போனால் கதை நின்றுவிடும். தமிழ்க்கடைக்காரர் அவளிடம் சுகம் விசாரிப்பதை விட்டுவிட்டார். தவமலர் மட்டும் குசினியில் வழக்கம்போல் பழகினாள், அதுவும் ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து.

நடந்ததை அவள் ஹில்டவிடம்தான் முழுக்கச் சொன்னாள். வகுப்பு இடைவேளையில் படிக்கட்டில் இருந்து, தன்னுடைய அரைகுறை ஆங்கிலத்தில். ஹில்ட கடைசிவரை கேட்டாள். பிறகு, "பிரஷ்யரை நல்லவர்களாக்கிவிடாதே" என்றாள். அவளுடைய ஊர் ஹனோவர் பக்கம். ராசாவைத் துரத்தினார்கள், நாட்டை விழுங்கினார்கள். ஒருங்கிணைப்பு என்ற சொல்லைத் தன்னுடைய அப்பா வீட்டில் வாயில் எடுக்க விடுவதில்லை என்றாள். "வீட்டுக்கு அனுப்பினார்கள்தான். நாலு வருடம் கழித்து அதே பையன்களுக்குப் பிரஷ்ய உடுப்பைப் போட்டுப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். எங்கள் குடும்பத்தில் ஒருவர் அங்கே செத்தார்."

பிறிச்சர்ட் கூப்பிட, ஹில்ட உள்ளே போய்விட்டாள். பியற்றிஸ் படியிலேயே இருந்தாள். மண்டபத்தில் தான் சொன்னது பிழையோ என்று ஒரு கணம் பயந்தாள். பிறகு, நாலு வருடம் என்று நினைத்தாள். எண்பத்தாறில் அனுப்பியிருந்தால் தொண்ணூறு வரைக்கும் றெஜி இருந்திருப்பான். இருபத்துமூன்று வயது வந்திருக்கும். மீசை அடர்த்தியாகியிருக்கும். அம்மா அவனுக்கு நாலு நத்தார்ப் பண்டிகைக்குப் பலகாரம் சுட்டுக் கொடுத்திருப்பா. அதற்குப் பிறகு எந்த யுத்தம் அவனைக் கொண்டுபோயிருந்தாலும், அந்த நாலு வருடம் இருந்திருக்கும். அன்று அவள் வகுப்புக்குள் திரும்பிப் போகவில்லை.

ஏ லெவலில் சாதாரணமாகச் சித்தியடைந்தாள். தொண்ணூற்றிரண்டில் ரெய்னர்ஸ் லேனில் ஒரு அறை எடுத்துத் தனியே போனாள். விவாகரத்துக் கேட்கவில்லை, கிறிஸ்துராஜாவும் கேட்கவில்லை. அங்கே ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் உதவியாளராக வேலை கிடைத்தது. பிள்ளைகளுக்குச் சப்பாத்து லேஸ் கட்டுவதும், மதியச் சாப்பாட்டின்போது பக்கத்தில் இருப்பதும் அவளுடைய வேலை. இயக்கம் தன்னுடைய ஆட்களில் செத்தவர்களை நினைவுகூருகிற மாவீரர் நாளுக்கு வீட்டுக்கு வீடு அழைப்பிதழ் வரும். அங்கே வாசிக்கிற பெயர்களில் றெஜி இல்லை, இருக்கப்போவதுமில்லை. அவன் செத்த வைகாசி மாதத்தில் அவள் தன்பாட்டில் ஒரு பூசை ஒப்புக்கொடுப்பாள்.

தொண்ணூற்றைந்தின் கடைசியில் ஆமி நெருங்கிவர, ஊரை விட்டு வெளிக்கிடச் சொல்லி இயக்கம் அறிவிக்க, யாழ்ப்பாணம் முழுக்க ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. அந்த மழைக்குள் நடந்துபோன சனத்தில் கிறிஸ்துராஜாவின் தாய் அருமைநாயகியும் ஒருத்தி. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத் தரையில் காய்ச்சலோடு கிடந்து செத்துப்போனா. ஹவுன்ஸ்லோக் கோயிலில் பூசை வைத்தார்கள். தவமலர் சொல்லித்தான் பியற்றிஸுக்குத் தெரியும். மாமி அவளோடு ஒருநாளும் கோபிக்காதவ.

அவள் போனாள். பின் வாங்கில் ஒரு பெண் நகர்ந்து இடம் விட்டாள், முகத்தைப் பார்க்காமல். கிறிஸ்துராஜா முன்னுக்கு முழந்தாளில் நின்றார். பின்னந்தலை நரைத்திருந்தது. பூசை முடிந்து வாசலில் சனம் வரிசையாக அவருக்குக் கை கொடுத்தது. அவளுடைய முறை வந்தபோது அவருடைய கை சற்று நேரம் அவளுடைய கையை விடவில்லை.

"நீர் வருவீர் எண்டு நான் நினைக்கேல்லை."

"மாமிக்காக வந்தனான்."

"அம்மா நடந்தே போயிருக்கிறா," என்றார் அவர். "அந்த வயசிலை. ஆர் அவவை நடக்கச் சொன்னது எண்டு யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தது மாதிரித்தான் இருந்தது. ஆனால் அவளுக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட, இயக்கத்து ஆட்கள் சிலரும் வரிசையில் இருந்தார்கள். அவர்களைக் கண்டதும் கிறிஸ்துராஜாவின் முகம் மாறியது. கையை எடுத்துக்கொண்டார். அவள் நகர்ந்து வழி விட்டாள்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொல்லித் தவமலர் வாசலில் நின்று கூப்பிட்டாள், இந்தமுறை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. பியற்றிஸ் இன்னொரு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு பஸ் தரிப்புக்கு நடந்தாள்.